டிசம்பர் கடைசியில் ஆர்வியில் குடும்பத்தோடு கிராண்ட் கேன்யன்: குளிரைச் சமாளிக்க முடியுமா?

தாரணி_பீனிக்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கு டிசம்பர் கடைசியில் இரண்டு வாரம் விடுமுறை. தஞ்சாவூரிலிருந்து அத்தை வந்திருக்கிறார், மார்ச்சில் ஊருக்குத் திரும்பிவிடுவார், அதற்குள் கிராண்ட் கேன்யனைக் காட்டிவிட வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு ஆசை. 25 அடி கிளாஸ் சி ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து தெற்கு விளிம்பில், ஆர்விகளுக்கான முகாமான ட்ரெய்லர் வில்லேஜில் நான்கு இரவு தங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கோடையில் வெகு முன்பே நிரம்பிவிடும் இடத்தில் இப்போது இடம் கிடைக்கிறது, வண்டி வாடகையும் குறைவு.

பயம் குளிர்தான். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. அத்தைக்கு 68, முட்டி வலி உண்டு, இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பார். அதனால் டென்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை, வண்டிக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது என்பதற்காகத்தான் ஆர்வியே. ஆனால் ராத்திரியில் 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் கீழே போகும் என்கிறார்கள். தண்ணீர் உறைந்துவிட்டால் அந்தக் கழிப்பறையால் என்ன பயன்? ஃபர்னஸ் (ப்ரோபேன் கேஸில் எரிந்து வண்டிக்குள் சூடான காற்றை அனுப்பும் கருவி) விடிய விடிய ஓடுமா? 1500 வாட் ஹீட்டர் இரண்டு வாங்கிக்கொண்டு போனால் போதுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

சுந்தரி_டல்லாஸ்

தாரணி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முட்டி வலி இருக்கிற பெரியவரை டிசம்பரில் ஏழாயிரம் அடி உயரத்தில் வண்டியில் படுக்கவைக்கத்தான் வேண்டுமா? பூங்காவுக்குள்ளேயே மாஸ்விக் மாதிரி லாட்ஜ்கள் இருக்கின்றன. அறையில் ஹீட்டர், வெந்நீர், நல்ல மெத்தை எல்லாம் உண்டு. பிள்ளைகள் குளிரை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள், பெரியவர்கள் வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொண்டு இருப்பார்கள், அதுதான் எனக்குக் கவலை. அத்தையிடம் நேராகவே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முருகு_ஃபிளாக்ஸ்டாஃப்

நான் இருக்கும் ஊரே ஏழாயிரம் அடியில்தான் இருக்கிறது, குளிர்காலம் முழுக்க ட்ரெய்லரை ஓட்டிக்கொண்டு திரிகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் விஷயம், குளிரில் ஆர்வி முகாம் போகிறவர்கள் எல்லோரும் ஆட்களுக்கு எப்படிச் சூடு கொடுப்பது என்றே யோசிக்கிறார்கள். அது சுலபம், கம்பளி இருக்கிறது, தொப்பி இருக்கிறது, ஒருவரையொருவர் ஒட்டிப் படுத்தாலே பாதிக் குளிர் போய்விடும். உண்மையில் காப்பாற்ற வேண்டியது வண்டியின் அடிப்பகுதியை. தண்ணீர் டேங்க், கழிவுநீர் டேங்க், அவற்றுக்குப் போகிற குழாய்கள், வால்வுகள் எல்லாம் உங்கள் காலுக்குக் கீழேதான் இருக்கின்றன. குளிருக்கென்று கட்டிய வண்டிகளில் ஃபர்னஸின் சூடான காற்றில் ஒரு பங்கை ஒரு சின்னக் குழாய் வழியாக அந்த அடிப்பகுதிக்கும் அனுப்புவார்கள். உங்கள் வாடகை வண்டியில் அது உண்டா, டேங்குக்கு 12 வோல்ட் ஹீட்டர் பட்டை உண்டா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். சில நிறுவனங்கள் குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய்களை வடித்து, ஆன்டிஃப்ரீஸ் (குளிரில் உறையாத திரவம்) ஊற்றி அடைத்துத்தான் வண்டியைக் கொடுக்கும். அப்படிப்பட்ட வண்டி வந்தால் குழாயையும் திறக்க முடியாது, கழிப்பறையையும் வாளித் தண்ணீர் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

இப்போது அந்த 1500 வாட் ஹீட்டர் விஷயம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கரண்ட் இலவசம், ப்ரோபேன் காசு என்று இரண்டு ஹீட்டரையும் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். உள்ளே 68 டிகிரி வந்ததும் தெர்மோஸ்டாட் திருப்தியாகிவிடும், ஃபர்னஸ் இரவு முழுக்க ஒருமுறைகூட எரியாது. ஆட்கள் சுகமாகத் தூங்குவார்கள், அடியில் சூடான காற்றே போகாமல் குழாய் உறையும். காலையில் குழாயைத் திறந்தால் பம்ப் இரண்டு விநாடி உறுமும், அழுத்தம் ஏறியதும் நின்றுவிடும், குழாயிலிருந்து ஒரு சொட்டு வராது. பம்ப் ஓடியது, தண்ணீர் வரவில்லை என்றால் நடுவில் எங்கோ பனிக்கட்டி இருக்கிறது என்று அர்த்தம். அதனால் ஃபர்னஸ்தான் முதல், ஹீட்டர் துணைக்கு மட்டும். ஃபர்னஸை 60, 62-இல் வைத்து ஓடவிடுங்கள், ஹீட்டரை அத்தை படுக்கும் பக்கம் குறைவாக வையுங்கள். சிங்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்தே வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

தண்ணீர் ஹோஸை இரவில் வெளியே மாட்டி விடாதீர்கள். பகலிலேயே வண்டியின் டேங்கை நிரப்பிக்கொண்டு, ஹோஸைக் கழற்றி வடித்துச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, பம்பிலேயே தண்ணீர் எடுங்கள். சூடேறும் ஹோஸ் கடையில் கிடைக்கிறது, ஆனால் நான்கு நாளுக்கு அது தேவையில்லை. கிரே டேங்க் (சிங்க், ஷவர் கழிவுநீர் சேரும் தொட்டி) வால்வை மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் சொட்டுச் சொட்டாக வடிகிற தண்ணீர் கழிவு ஹோஸுக்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். டேங்க் நிரம்பியதும் நண்பகலில் வெயில் இருக்கும்போது ஒரேயடியாகத் திறந்துவிட்டு மூடிவிடுங்கள்.

நெவாடா_நாடோடி

முருகு சொல்வதெல்லாம் சரி, ஆனால் ஹூக்கப் (முகாமில் வண்டிக்குக் கிடைக்கும் கரண்ட், தண்ணீர், கழிவு இணைப்பு) இருந்தால்தான் குளிரில் போகலாம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. மேதர் கேம்ப்கிரவுண்டில் கரண்ட் கிடையாது, ஆனால் மரங்கள் நிறைய, ட்ரெய்லர் வில்லேஜ் மாதிரி வரிசையாக வண்டி நிறுத்தும் இடமாகத் தெரியாது. காலையில் எல்க் மான் வந்து வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்கும். பேட்டரி நன்றாக இருந்தால் தாராளமாக அங்கே தங்கலாம்.

மின்சாரம்_கணேசன்

நாடோடி, பேட்டரிக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள், புதிதாகப் போகிறவர்கள் படிக்கிறார்கள். ப்ரோபேன் ஃபர்னஸ் என்றாலும் அதன் காற்றாடி ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில்தான். ஓடும்போது சுமார் 8 ஆம்ப் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரி இரவில் பாதி நேரம் ஓடினால்கூட மணிக்குச் சராசரி 4 ஆம்ப், மாலை ஆறு முதல் காலை ஆறு வரை 48 ஆம்ப்-மணி. 100 ஆம்ப்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம், அதுவே 50. விளக்கு, பம்ப், போன் சார்ஜ் எல்லாம் அதற்கு மேல். விடியற்காலையில், குளிர் உச்சத்தில் இருக்கும்போது, காற்றாடி ஓடாமல் ஃபர்னஸ் நின்றுவிடும். குளிரில் பேட்டரியின் கொள்ளளவும் குறையும். லித்தியம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: 32 டிகிரிக்குக் கீழே அந்த பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது, செல் கெட்டுவிடும். நல்ல பேட்டரிகளில் அதைத் தடுக்கும் அமைப்பு உண்டு, ஆனால் தடுத்துவிட்டால் சோலார் இருந்தும் சார்ஜ் ஏறாது.

தாரணி, உங்களுக்கு ட்ரெய்லர் வில்லேஜ்தான் சரி. அங்கேயும் ஒரு கணக்கு உண்டு. 30 ஆம்ப் வண்டி என்றால் மொத்தம் 3600 வாட். ஒரு 1500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்ப் எடுக்கும், இரண்டு ஹீட்டர் 25 ஆம்ப், அதோடு யாராவது மைக்ரோவேவை அமுக்கினால் பிரேக்கர் விழும். ஒரே ஹீட்டர் போதும். நீட்டிப்பு வயரில் மாட்டாதீர்கள், சுவர் பிளக்கிலேயே மாட்டுங்கள், அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு என்றால் அந்த பிளக்கை விட்டுவிடுங்கள்.

நெவாடா_நாடோடி

கணக்கு சரிதான். நான் இரண்டு பேட்டரி, ஜெனரேட்டர் இரண்டையும் மனதில் வைத்து எழுதினேன். வாடகை வண்டிக்கு, அதுவும் பெரியவர் கூட வரும்போது, நானும் ட்ரெய்லர் வில்லேஜ் என்றுதான் சொல்வேன்.

அகிலன்_ஸ்காபரோ

வணக்கம். நாங்கள் ஒன்டாரியோவில் இருக்கிறோம். அல்கோன்குயின் பூங்காவில் மியூ லேக் முகாம் குளிர்காலத்திலும் திறந்திருக்கும், கரண்ட் உள்ள இடங்களும் உண்டு, வண்டியோடு அங்கே போய்த் தங்குவது எங்கள் குடும்பத்தின் வழக்கம். அங்கே இரவில் மைனஸ் 20 செல்சியஸுக்குக் கீழும் போகும், அதோடு பார்த்தால் உங்கள் அரிசோனாக் குளிர் பரவாயில்லை. எங்களுக்குக் குளிரைவிடப் பெரிய தொல்லை ஈரம்தான், அதைப் பற்றி இங்கே ஒருவரும் எழுதவில்லை.

ஐந்து பேர் ஒரு சின்னப் பெட்டிக்குள் படுத்து இரவு முழுக்க மூச்சு விடுகிறார்கள், சமைக்கிறார்கள், ஈர உடுப்பைத் தொங்கவிடுகிறார்கள். அந்த ஈரமெல்லாம் கண்ணாடியிலும் அலுமினியச் சட்டத்திலும் நீராக வழியும். காலையில் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள், பலகையோடு ஒட்டியிருந்த அடிப்பக்கம் நனைந்திருக்கும், சுவரோடு ஒட்டியிருந்த தலையணையும் ஈரமாக இருக்கும். கிளாஸ் சி-யில் ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கிற படுக்கைதான் மிக மோசம். பிள்ளைகள் அதில்தான் படுக்க அடம்பிடிப்பார்கள், படுக்கட்டும், ஆனால் மெத்தைக்கு அடியில் காற்றுப் போக ஏதாவது விரித்துவிடுங்கள், பகலில் தூக்கி நிறுத்திவிடுங்கள்.

குளிருது என்று எல்லா ஓட்டையையும் அடைப்பதுதான் பிழை. கூரை வென்ட்டை ஒரு விரல் அளவு திறந்தே வையுங்கள். ப்ரோபேன் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும், ஃபர்னஸ் அதை வெளியே தள்ளிவிடும், அடுப்பு உள்ளேயே விட்டுவிடும். ஆகவே சூட்டுக்காக அடுப்பைப் பற்றவைத்து வைப்பது ஈரத்துக்கும் கேடு, கார்பன் மோனாக்சைடு என்று பார்த்தால் உயிருக்கும் கேடு. தயவுசெய்து அதைச் செய்யவே செய்யாதீர்கள். வண்டியில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பின்னால் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும், வண்டியை எடுக்கும்போதே அதைத் திருப்பிப் பாருங்கள். பனி பெய்தால் ஃபர்னஸின் புகைவாய் மூடியிருக்கிறதா என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

தாரணி_பீனிக்ஸ்

எவ்வளவு விஷயம்! எல்லோருக்கும் நன்றி. சுந்தரி சொன்னபடி அத்தையிடம் நேராகவே கேட்டேன். "லாட்ஜில் ரூமுக்குள் உட்கார்ந்தால் ஊரில் உட்கார்ந்த மாதிரிதான், நான் பிள்ளைகளோடு வண்டியிலேயே வருகிறேன், எனக்குக் காலுக்கு மட்டும் நல்ல சாக்ஸ் வாங்கிக் கொடு" என்றார். ஆக, வண்டிதான்.

நிறுவனத்துக்கும் போன் போட்டேன். டேங்குக்கு ஹீட்டர் பட்டை உண்டு, அடிப்பகுதிக்கு ஃபர்னஸ் காற்று போகிறதா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. ப்ரோபேன் எவ்வளவு செலவாகும் என்று யாராவது சொல்ல முடியுமா? நான்கு இரவும் மேலேயே தங்குவது நல்லதா, நடுவில் எங்கேயாவது நிறுத்தலாமா?

முருகு_ஃபிளாக்ஸ்டாஃப்

தெரியவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை எடுக்கும் அன்று ஃபர்னஸைப் போட்டுவிட்டு எந்தெந்தத் துளையில் சூடான காற்று வருகிறது என்று கையை வைத்துப் பாருங்கள்.

ப்ரோபேன் பற்றி: சாதாரணமாக மணிக்கு 30,000 பிடியூ (வெப்ப அளவு) ஃபர்னஸ் இருக்கும். ஒரு கேலன் ப்ரோபேனில் சுமார் 91,500 பிடியூ. நிறுத்தாமல் எரிந்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு கேலன். இரவும் பகலுமாக மொத்தம் எட்டு ஒன்பது மணி நேரம் எரிகிறது என்றால் ஒரு நாளைக்கு மூன்று கேலன் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் வழியில் ஃபிளாக்ஸ்டாஃபிலோ வில்லியம்ஸிலோ நிரப்பிக்கொண்டு போங்கள். டேங்கை 80 சதவீதம்தான் நிரப்புவார்கள், அது விதி, ஏமாற்று இல்லை. ப்ரோபேன் மைனஸ் 42 செல்சியஸ் வரை ஆவியாகும், அதனால் இந்தக் குளிரில் டேங்குக்குள் கேஸ் நின்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

நான்கு இரவும் மேலே தங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. குளிர்கால முகாமுக்கு ஊரைப் பார்ப்பதற்கு முன் உயரத்தைப் பார்க்க வேண்டும். ஆயிரம் அடி ஏறினால் மூன்று நான்கு டிகிரி குறையும். காட்டன்வுட்டில் டெட் ஹார்ஸ் ரேஞ்ச் ஸ்டேட் பார்க் சுமார் 3300 அடியில் இருக்கிறது, கரண்ட் உண்டு, குளியலறை உண்டு. முதல் இரண்டு இரவு அங்கே தங்குங்கள். வண்டியில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை, அத்தைக்கு எந்தப் படுக்கை ஒத்துவருகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும், ஏதாவது கோளாறு என்றால் பீனிக்ஸ் இரண்டு மணி நேரத் தூரம்தான். அப்புறம் மேலே இரண்டு இரவு. செடோனாவிலிருந்து ஓக் க்ரீக் வழியாக ஏறாதீர்கள், மேலே கொண்டை ஊசி வளைவுகள், ஆர்விக்கு ஏற்ற வழி இல்லை. ஐ-17 நெடுஞ்சாலைக்குத் திரும்பி வந்து ஏறுங்கள். பனிப்புயல் எச்சரிக்கை இருந்தால் காட்டன்வுட்டிலேயே இன்னொரு இரவு இருந்துவிடுங்கள், புக்கிங் பணத்தை நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

டயர் காற்றையும் பாருங்கள். வெப்பம் பத்து டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறையும். பீனிக்ஸில் சரியாக இருந்தது மேலே விடிகாலையில் குறைவாகக் காட்டும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. தெற்கு விளிம்புக்குத் தண்ணீர் வருவதே பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஊற்றிலிருந்து, 12.5 மைல் நீளக் குழாய் வழியாக. 1960-களில் போட்ட குழாய், அடிக்கடி உடைகிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் பல இடங்களில் உடைந்து லாட்ஜ்களில் இரவு தங்குவதையே நிறுத்திவைத்தார்கள். குழாயை மாற்றும் பெரிய வேலை நடக்கிறது. அதனால் மேலே போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று இருக்காமல் காட்டன்வுட்டிலேயே டேங்கை முழுக்க நிரப்பிக்கொண்டு ஏறுங்கள், கிளம்புவதற்கு முன் பூங்காவின் அறிவிப்பையும் படித்துவிடுங்கள்.

மலர்_சான்ஹோசே

சமையல் பற்றி ஒன்று. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பருப்பு திறந்த பாத்திரத்தில் சீக்கிரம் வேகாது, குக்கர் கட்டாயம். ஆனால் குக்கர் விசிலும் இட்லி ஆவியும் அகிலன் சொன்ன ஈரத்தைத்தான் கூட்டும், அதனால் அந்த நேரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள். மாவை அங்கே போய்ப் புளிக்கவைக்கலாம் என்று நினைக்காதீர்கள், வீட்டிலேயே புளிக்கவைத்து எடுத்துப்போங்கள். ரசப்பொடியும் மிளகும் நிறைய வேண்டும். மாலையில் எல்லோரும் ஒரு டம்ளர் சூடான ரசம் குடித்துவிட்டால் பாதிக் குளிர் இறங்கிவிடும்.

எனக்குத் தெரிந்து பிள்ளைகளோடு போகும்போது குளிரைவிடக் கஷ்டம் மாலைதான். டிசம்பர் கடைசியில் ஐந்தேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும், காலை ஏழரைக்குத்தான் வரும். ஆறு வயதுப் பையனை அந்த நீளமான இருட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும். சீட்டு, பல்லாங்குழி, தாயம் என்று எதையாவது எடுத்துப்போங்கள், அத்தைக்கும் பொழுது போகும். பகலில் ரேஞ்சரிடம் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேட்டு வாங்கினால் மாலையில் உட்கார்ந்து நிரப்பலாம், முடித்தவர்களுக்கு பேட்ஜ் உண்டு. வானம் தெளிவாக இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் கம்பளி போர்த்திப் பத்து நிமிடமாவது வெளியே கூட்டிப்போங்கள். கார்த்திகை ஆறு மீனும், பின்னால் ரோகிணியும், கிழக்கே திருவாதிரையும் அந்த நேரத்தில் நன்றாக மேலேறியிருக்கும். மார்கழித் திருவாதிரை பற்றி அத்தை சொல்லச் சொல்ல, பிள்ளைகள் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை நேரில் பார்ப்பார்கள்.

சுந்தரி_டல்லாஸ்

சரி, அத்தையே சொன்ன பிறகு நான் சொல்ல ஒன்றுமில்லை. விளிம்பு நடைபாதையில் நிழல் விழும் இடங்களில் பனி இறுகிக் கண்ணாடி மாதிரி இருக்கும். காலணிக்கு மேல் மாட்டும் முள் பட்டை எல்லோருக்கும் வாங்குங்கள், அத்தைக்கு ஒரு ஊன்றுகோலும். காரையும் ஒருவர் ஓட்டிவந்தால் இன்னும் நல்லது. ஹெர்மிட் சாலையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நம் காரிலேயே போகலாம், மற்ற மாதங்களில் ஷட்டில் பஸ்தான். காரில் சூடாக உட்கார்ந்து ஒவ்வொரு காட்சி முனையிலும் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்ளலாம்.

தாரணி_பீனிக்ஸ்

போய்வந்துவிட்டோம்! நீங்கள் கேட்பீர்கள் என்று எழுதுகிறேன்.

காட்டன்வுட் யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது. முதல் இரவே பின்பக்கக் காற்றுத் துளையில் காற்றே வரவில்லை, யாரோ அதன்மேல் பெட்டியை வைத்து வைத்து மூடியே நசுங்கிப்போயிருந்தது, வீட்டுக்காரர் மறுநாள் வெளிச்சத்தில் அதை நிமிர்த்தினார். மேலே இரண்டாம் நாள் காலை 14 டிகிரி. குழாயில் தண்ணீர் வந்தது, கழிப்பறை ஓடியது. மேல் படுக்கையில் அகிலன் சொன்ன அதே ஈரம், பகலில் மெத்தையை நிறுத்திவைத்ததில் காய்ந்துவிட்டது. அத்தைக்கு முட்டி வலி காலையில் இருந்தது, வெந்நீர்ப் பை கொடுத்தோம், பத்து மணிக்கு மேல் சரியாகிவிட்டது. மேதர் பாயின்ட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார், கிளம்பலாமா என்று கேட்டதற்கு இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்றார். சின்னவனுக்கு பேட்ஜ் கிடைத்தது, கழற்ற மாட்டேன் என்கிறான்.

கஷ்டப்பட்டது ஃபர்னஸ் சத்தத்தில்தான். பெரியவள் அது ஓடும்போதெல்லாம் விழித்துக்கொண்டாள். அதற்கு வழி ஏதும் கிடைக்கவில்லை.

அகிலன்_ஸ்காபரோ

நல்ல செய்தி. சத்தத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு சின்னக் காற்றாடியை இரவு முழுக்க ஓடவிடுவோம். ஒரே சத்தம் தொடர்ந்து இருந்தால் ஃபர்னஸ் தொடங்குவதும் நிற்பதும் பிள்ளைகளுக்குத் தெரியாது.

புதுவண்டி_அல்புகெர்கி

இழையை முழுக்கப் படித்தேன். எங்களுக்குச் சொந்த ட்ரெய்லர், ஜனவரியில் ஒரு வாரம் போய்வந்து மறுபடியும் வீட்டு வாசலில் நிறுத்தப்போகிறோம். ஒவ்வொரு முறையும் ஆன்டிஃப்ரீஸ் ஊற்ற வேண்டுமா? காருக்கு வாங்கியது நிறைய மிச்சம் இருக்கிறது, அதையே ஊற்றலாமா?

முருகு_ஃபிளாக்ஸ்டாஃப்

காருடையதை ஊற்றவே கூடாது, அது எத்திலீன் கிளைகால், விஷம். ஆர்விக்கென்று இளஞ்சிவப்பு நிறத்தில் விற்பது ப்ரொப்பிலீன் கிளைகால், அதைத்தான் வாங்க வேண்டும். வாசலில் இரவு தொடர்ந்து உறையும் குளிர் என்றால் ஒவ்வொரு முறையும் செய்துதான் ஆக வேண்டும், ஒரு மணி நேர வேலைதான். முதலில் வாட்டர் ஹீட்டரை அணைத்து ஆறவிட்டு, அழுத்தத்தை விடுவித்த பிறகு அதை வடியுங்கள், சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் கை வெந்துவிடும். பிறகு பைபாஸ் வால்வைத் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஆறு கேலன் ஆன்டிஃப்ரீஸை ஹீட்டரே குடித்துவிடும். பம்ப் வழியாக இழுத்து ஒவ்வொரு குழாயிலும் சூடு, குளிர் இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பு வரும்வரை திறங்கள். கழிப்பறையையும் வெளி ஷவரையும் விட்டுவிடாதீர்கள், வெளி ஷவரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கடைசியில் ஒவ்வொரு சிங்க் வடிகாலிலும் ஒரு கப் ஊற்றுங்கள், வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீரும் உறையும்.